குற்றாலத்தில் சீசன் ஜூன் பதினைந்தாம் தேதி முடிந்தது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் பரீட்சையில் எழுதிய ஒரு பொய்யிலிருந்து வந்தது.

சட்டப் படிப்பு, இரண்டாம் வருஷம், அரைப் பரீட்சை. போன வருஷம், அதாவது அறுபத்து மூன்றில். கேள்வி இதுதான்: 'முன்தீர்ப்பு என்றால் என்ன? தக்க வழக்குகளைக் காட்டி விளக்குக.' விளக்கம் எனக்குத் தெரியும். இங்கிலீஷ்காரன் விட்டுப்போன ஏற்பாடு அது. மேல்கோர்ட்டு ஒரு விஷயத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டால், அதே மாதிரி விஷயம் மறுபடி வரும்போது கீழ்க்கோர்ட்டும் அதையேதான் சொல்லவேண்டும். நல்ல ஏற்பாடுதான். இன்றைக்கு வந்தவனுக்கு ஒரு நீதி, நாளைக்கு வந்தவனுக்கு வேறு நீதி என்று ஆகாது பாருங்கள். ஆனால் அந்தத் 'தக்க வழக்குகள்' ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. ஜன்னலைப் பார்த்தேன். முன்பெஞ்சுக்காரன் முதுகைப் பார்த்தேன். பிறகு நானே ஒன்று செய்துகொண்டேன்.

'மிஸஸ் ஹார்ட்லி எதிர் மாதையன், 1931.' ஊட்டியில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி 'சீசன் முடியும் வரை' என்று மாதையனின் வீட்டை எடுத்துக்கொண்டு, ஆகஸ்டு பிறந்தும் காலி செய்யாமல் உட்கார்ந்திருக்கிறாள். மேல்கோர்ட்டு சொல்கிறது: 'மலைவாசஸ்தலங்களில் சீசன் என்ற சொல், ஏப்ரல் முதல் தேதி தொடங்கி ஜூன் பதினைந்தாம் தேதி முடியும் காலத்தைக் குறிக்கும்.' சீமாட்டியும் கிடையாது, மாதையனும் கிடையாது, தீர்ப்பும் கிடையாது. பேப்பர் திரும்பி வந்தபோது ஓரத்தில் சிவப்பு மையில் வாத்தியார் எழுதியிருந்தார்: 'பொருத்தமான மேற்கோள்.'

அன்றிலிருந்து எனக்கு ஒரே அரிப்பு. வாத்தியார் நம்பினால் வக்கீல் நம்புவார். வக்கீல் நம்பினால் முன்சீப் நம்புவார். ஊட்டிக்கு எழுதிய தீர்ப்பைக் கொண்டுபோய், ஜூன் மாதம்தான் தண்ணீரே விழ ஆரம்பிக்கிற குற்றாலத்தில் ஒரு ஆள்மேல் ஏவிவிட்டால் என்ன ஆகும்? கதை எழுதுகிறவன் புத்தி இப்படித்தான் போகும். மன்னியுங்கள்.

ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டு எழுதுகிறேன். மேலே எழுதியது கீழே எழுதுவதைக் கட்டுப்படுத்தும். எழுதிய பிறகு மாற்றமாட்டேன். நானே ஆசைப்பட்டாலும் மாற்றமாட்டேன். அடைப்புக்குறிக்குள் சொல்வது மட்டும் யாரையும் கட்டாது. (கோர்ட்டிலும் அப்படித்தான். தீர்ப்புக்குத் தேவையான பேச்சு கட்டும். ஜட்ஜ் போகிற போக்கில் சொன்னது கட்டாது. எது போகிற போக்கு என்பதில்தான் வக்கீல்கள் வீடு கட்டுகிறார்கள்.)

2

எப்படித் தொடங்குவது?

'சாரல் பூவாய்த் தூவிக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில்—'

வேண்டாம். குற்றாலத்தைப் பற்றி எழுதுகிற எல்லாரும் இப்படித்தான் நனைகிறார்கள்.

'உழைப்பே உருவான துல்கர்னைன் என்ற நெசவாளி—'

இதுவும் வேண்டாம். அந்த ஆள் காதில் விழுந்தால் தறியை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்.

பேச்சிலேயே தொடங்குகிறேன்.

"வே துல்கர்னைன், சீசன் முடியுத வரைக்கும் கடை ஒம்மது. முடிஞ்ச அன்னைக்கே சாவி என் கையில வந்துரணும். என்ன?"

"சரி அண்ணாச்சி. முடியுத நாளுன்னு ஒரு தேதி போட்டுருவமா?"

"தேதியா? ஒமக்கென்ன கிறுக்கா வே? தண்ணி விழுந்தா சீசன், நின்னா முடிஞ்சுது. இதுக்குப் போயி தேதி போட்டா கொரங்குகூடச் சிரிக்கும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். துல்கர்னைன் கையெழுத்துப் போட்டார். ஐம்பத்தாறாம் வருஷம், பங்குனி மாதம். பேரருவிக்குப் போகிற சாலையில் நாலு கடைகள் கொண்ட வரிசை தளவாய் அண்ணாச்சிக்குச் சொந்தம். அதில் மூன்றாவது கடை.

துல்கர்னைனுக்குக் கடையநல்லூர். வீட்டில் இரண்டு தறி. அவரும் அவர் மனைவி ஹாஜரா பீவியும் பத்து மாதம் துண்டு நெய்வார்கள். மீதி இரண்டு மாதம் அவர் அதைக் குற்றாலத்துக்குக் கொண்டுபோய் விற்பார். ஊரிலேயே விற்கலாமே என்று கேட்பீர்கள். வீட்டுக்கு வீடு தறி ஓடுகிற கடையநல்லூரில் துண்டு விற்பது, அருவிக்கரையில் தண்ணீர் விற்பது மாதிரி. குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிறவன்தான் விலை பேசாமல் வாங்குவான். அதனால் அந்த இரண்டு மாதம்தான் அவர்களுக்கு வருஷம். அந்தத் தடவை மூட்டை கட்டும்போதே ஹாஜரா பீவி சொல்லிவிட்டாள்: "இந்தச் சீசன் போச்சுன்னா ஒரு தறியக் குடுத்துர வேண்டியதுதான். எந்தத் தறின்னு இப்பமே யோசிச்சு வச்சுக்கிடுங்க. எனக்கு நெய்யதுக்கு வாசப்பக்கத்துத் தறிதான் வசம்."

"நல்ல வார்த்தை பேசேன் புள்ள."

"நல்ல வார்த்தைய விலைக்கு வாங்க ஆளிருந்தா அதையே நெய்ஞ்சிருப்பேனே."

துல்கர்னைன் தேதி போடாத எழுத்தில் கையெழுத்துப் போட மறுத்து, பேனாவைக் கீழே வைத்து—

முடியாது. போட்டுவிட்டார் என்று பத்து வரி மேலே எழுதிவிட்டேன். பார்த்தீர்களா, இப்போதே இடிக்கிறது.

3

சித்திரையில் திருநெல்வேலியிலிருந்து ஒருவர் வந்து, அந்த மூன்றாவது கடையில் காப்பிக் கிளப் வைக்கவேண்டும் என்று தளவாயிடம் கேட்டார். நாலு கடையில் மற்ற மூன்றும் ஒழுகும் என்பதைக் கண்டுபிடித்துவிட்ட கெட்டிக்காரர். தளவாய் கெட்ட மனுஷர் இல்லை. காப்பி பிடித்த மனுஷர், அவ்வளவுதான். அவர் தென்காசியில் வக்கீல் வெங்கடேஸ்வரனைப் போய்ப் பார்த்தார்.

வெங்கடேஸ்வரன் எழுத்தை வாசித்தார். 'சீசன்' என்ற இடத்தில் விரலை வைத்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு ஒரு முன்தீர்ப்பு வேண்டும். என் கையில் ஒன்றுதான் இருந்தது. கொடுத்தேன்.

"ஓய் தளவாய், ஜூன் பதினஞ்சு. அதுக்கு மேல ஒரு நாள் அவன் அங்க உக்காரப்படாது."

"சாமி, அன்னைக்குத்தான ஜனமே வர ஆரம்பிக்கும்?"

"ஜனம் வரும் போகும். இது மேல்கோர்ட்டு சொன்னது. மேல்கோர்ட்டு சொன்னதுக்கப்புறம் குத்தாலம் என்ன, கைலாசமே வந்து சொன்னாலும் எடுபடாது."

தளவாய்க்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் காப்பி வாசனை மூக்கில் ஏறிவிட்டது. வழக்கு போட்டார்.

(நிஜத்தில் இந்த வழக்கு முடிய ஒன்பது சீசன் ஆகும். எனக்கு அவ்வளவு காகிதம் இல்லை. அதனால் தென்காசியில் நானே ஒரு கோர்ட்டு கட்டினேன். நிஜக் கோர்ட்டு அதன் இடத்தில் பத்திரமாக இருக்கிறது, அதன் ஓட்டில்கூட நான் கை வைக்கவில்லை. என் கோர்ட்டில் ஜூன் பதினொன்று விசாரணை, பதினாலு தீர்ப்பு.)

என் கோர்ட்டுக்கு ஒரு முன்சீப் வேண்டுமே. அனந்தநாராயணன் என்று ஒருவரை வைத்தேன். நேர்மையானவர். படிப்பாளி. ஒரே ஒரு காயம் உண்டு. முன்னால் இருந்த ஊரில் அவர் எழுதிய ஒரு தீர்ப்பை மேல்கோர்ட்டு ரத்து செய்தபோது, 'கீழ்க்கோர்ட்டு தன் சொந்தப் புத்தியை உபயோகித்திருப்பது வருந்தத்தக்கது' என்று ஒரு வரி எழுதிவிட்டது. அன்றிலிருந்து அவர் அதை உபயோகிப்பதில்லை. புதுசாக, மடிப்புக் கலையாமல் வைத்திருக்கிறார்.

துல்கர்னைனுக்கு வக்கீல், கோமதிநாயகம் என்ற இளவட்டம். தொழிலுக்கு வந்து இரண்டு வருஷம். வக்கீல்கள் சங்கத்தில் தீர்ப்புப் புத்தகங்கள் ஒரே ஒரு செட்தான் உண்டு. அவன் போய்த் தேடும்போதெல்லாம் வேண்டிய புத்தகம் இருக்கிற இடத்தில் ஒரு ஓட்டை இருக்கும். அந்தப் புத்தகம் வெங்கடேஸ்வரன் வீட்டு மேஜையில் இருக்கும்.

4

ஜூன் பதினொன்று, திங்கட்கிழமை. அந்த வருஷம் ஐந்தாம் தேதியே சாரல் கட்டிவிட்டது. கோர்ட்டு ஜன்னல் வழியாகச் சாரல் உள்ளே வந்து முன்சீப்பின் காகிதங்களை நனைத்தது. டவாலிச் சேவகன் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினான். அது காற்றில் திறந்துகொண்டது. மறுபடி சாத்தினான். சீசன் முடியப்போகிறது என்று வெங்கடேஸ்வரன் வாதாடி முடிப்பதற்குள் ஆறு தடவை சாத்தினான்.

வாதம் முழுக்க இங்கிலீஷில் நடந்தது. கீழே நான் தமிழில் தருவது உங்களுக்காக. துல்கர்னைனுக்கு அந்த வசதி இல்லை. அந்தப் பேச்சு வெள்ளத்தில் அவர் காதுக்குத் தட்டுப்பட்டவை இரண்டே வார்த்தைகள்: சீசன், ஊட்டி. சீசன் சரி. ஊட்டி எதற்கு? அவர் ஊட்டிக்குப் போனதே இல்லை. தன் துண்டு யாராவது வாங்கிக்கொண்டு ஊட்டிக்குப் போய் அங்கே சாயம் போய்விட்டதோ என்று பயந்தார்.

"ஏ தம்பி, ஊட்டி ஊட்டிங்காரே, அங்கன யாரும் நம்ம துண்டக் குறை சொல்லிருக்காகளா?"

"மாமா, சும்மா இரிங்க. ஊட்டியில ஒரு வெள்ளக்காரி வீட்டைக் காலி பண்ணல."

"அதுக்கு?"

"அதுக்குத்தான் நீங்க காலி பண்ணணுமாம்."

துல்கர்னைன் அந்த வெள்ளைக்காரியைப் பற்றிக் கொஞ்ச நேரம் யோசித்தார். அவளுக்கும் ஏதாவது கஷ்டம் இருந்திருக்கும்.

கோமதிநாயகம் எழுந்தான். "குற்றாலத்தில் சீசன் என்றால் அருவியில் தண்ணீர் விழும் காலம். கோர்ட்டார் நேரில் வந்து அருவியைப் பார்க்கலாம். மூன்றே மைல்."

"அருவி இந்த வழக்கில் கட்சிக்காரர் அல்ல" என்றார் வெங்கடேஸ்வரன். "அதற்குச் சம்மன் போகவில்லை. அது சொல்வதை எப்படிக் கேட்பது?"

முன்சீப் தலையசைத்தார்.

"அந்தத் தீர்ப்பு மலைவாசஸ்தலங்களைப் பற்றியது" என்றான் கோமதிநாயகம். "ஊட்டி மலைமேல் இருக்கிறது. குற்றாலம் மலையின் அடியில் இருக்கிறது. மேலே இருப்பதற்குச் சொன்னது கீழே இருப்பதற்குப் பொருந்தாது."

நல்ல அடி. முன்தீர்ப்பிலிருந்து தப்பிக்கச் சட்டமே வைத்திருக்கிற ஒரு சந்து அது: அந்த வழக்கு வேறு, இந்த வழக்கு வேறு என்று காட்டிவிட்டால் தீர்ப்பு கட்டாது. முன்சீப் பேனாவைக்கூட எடுத்துவிட்டார். துல்கர்னைனுக்குப் பாஷை புரியாவிட்டாலும் பேனா புரிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வெங்கடேஸ்வரன் மறுபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் தர மறுத்திருக்கவேண்டும். ஆனால் முதலில் கேட்கிறவனுக்குத்தானே கை நீளுகிறது. இன்னொன்று இட்டுக்கட்டிக் கொடுத்தேன். '1938. மலையில் மேய்ச்சலுக்குத் தடை. ஒருவன் தன் ஆடுகளை அடிவாரத்தில் மேயவிட்டு, இது மலை இல்லையே என்கிறான். மேல்கோர்ட்டு: அடிவாரமும் மலையே.' ஆட்டுக்கு அது நியாயமான தீர்ப்பு. சீமாட்டிக்கு அது நியாயமான தீர்ப்பு. புத்திசாலியான இரண்டு தீர்ப்புகள் கல்யாணம் செய்துகொண்டு ஒரு முட்டாளைப் பெற்றன.

முன்சீப் பேனாவைக் கீழே வைத்தார்.

5

பிறகு துல்கர்னைன் கூண்டில் ஏறினார். முந்தின நாள் வீட்டில் ஹாஜரா பீவி சொன்ன ஒன்றை அப்படியே சொல்லிவிடுவது என்று மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். முன்தீர்ப்பு என்றால் என்ன என்று கோமதிநாயகம் விளக்கியதை அவர் போய்ச் சொன்னபோது, அவள் தறியிலிருந்து தலையைக்கூடத் திருப்பாமல் சொன்னது அது.

"எசமான், தறியில நீளவாக்குல ஓடுத பழைய பாவு தீரும்போது நுனிய அறுத்து எறிய மாட்டோம். அத அப்பிடியே தறியில விட்டு, புதுப் பாவோட ஒவ்வொரு எழையவும் அதோட முடிச்சுப் போட்டுப் பிணைப்போம். அப்பந்தான் புதுசும் பழைய வரிசையிலயே ஓடும். அதனால பழசு பாத்து நடக்கதுல தப்பே கெடையாது. ஆனா பழசுல ஒரு எழ எடம் மாறிக் கெடந்தா புதுசும் மாறித்தான் ஓடும், துண்டு முச்சூடும் கோடு விழும். அதுக்குத்தான் முடிச்சுப் போடுததுக்கு முன்னால நூல ஒருக்கத் தடவிப் பாக்கணும்."

மூன்று வருஷம் நான் படித்த எதிலும் இதைவிடத் தெளிவாக யாரும் முன்தீர்ப்பை விளக்கியதில்லை. (இரண்டு வருஷம்தான் படித்திருக்கிறேன். அடைப்புக்குறிக்குள் திருத்திக்கொள்கிறேன்.)

ஆனால் நெசவாளிக்கு நூல் என்றால் இழை. கையில் எப்போதும் சட்டப் புத்தகமே இருக்கிற முன்சீப்புக்கு நூல் என்றால் புத்தகம். அனந்தநாராயணன் குறித்துக்கொண்டார்: 'தீர்ப்புச் சொல்லும் முன் கோர்ட்டு சட்ட நூலைத் தடவிப் பார்க்கவேண்டும் என்று சாட்சி யோசனை கூறுகிறார். கோர்ட்டுக்கு யோசனை கூறச் சாட்சிக்கு அதிகாரமில்லை. மேலும், கோர்ட்டு நூல்களைத் தடவுவதில்லை, வாசிக்கிறது.'

அடுத்துக் கோமதிநாயகம், ஐந்தாம் தேதியிலிருந்து குற்றாலத்தில் குளித்த முப்பது பேரின் பட்டியலைக் கொடுத்தான். முன்சீப் அதையும் தள்ளினார். குளிக்கிறவர்கள் சீசன் என்று நம்பிக் குளிக்கிறார்கள், நம்பிக்கை சாட்சியம் ஆகாது என்றார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. என் கோர்ட்டுக்குள் நானே நுழைந்தேன்.

"எசமான், மிஸஸ் ஹார்ட்லி வழக்கு நான் இட்டுக்கட்டியது. ஆட்டுக்காரனும் அப்படித்தான்."

"ஆதாரம்?"

பரீட்சைப் பேப்பரை நீட்டினேன். முன்சீப் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

"'பொருத்தமான மேற்கோள்' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறதே?"

"அது வாத்தியார்—"

"தவிரவும், இது அறுபத்து மூன்றாம் வருஷப் பேப்பர். இப்போது நடப்பது ஐம்பத்தாறு. பின்னால் வருவது முன்னால் இருப்பதைக் கட்டுப்படுத்தாது. நீர் முதல் பகுதியில் போட்ட நிபந்தனைதானே?"

டவாலி என்னை வெளியே கொண்டுவந்து விட்டான். மரியாதையாகத்தான் விட்டான்.

6

தீர்ப்புக்கு மூன்று விதமாக முயன்றுபார்த்தேன்.

முதலாவது: ஜூன் பதினாலு, வியாழக்கிழமை. அனந்தநாராயணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, 'குற்றாலத்தில் சீசன் எப்போது என்று அறிய எனக்கு எந்தப் புத்தகமும் தேவையில்லை. ஜன்னலைத் திறவுங்கள்' என்று—

இல்லை. அவர் தன் புத்தியை உபயோகிப்பதில்லை என்று மூன்றாம் பகுதியில் எழுதிவிட்டேன். எனக்கு மேல் ஒரு மேல்கோர்ட்டு இருந்தால் அந்த வரியை ரத்து செய்யச் சொல்லி அப்பீல் போவேன். இல்லையே.

இரண்டாவது: கடையைக் காலி செய்யச் சொல்லித் தீர்ப்பு எழுதிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை முன்சீப் தன் மனைவி பிருஹதாம்பாளைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் குளிக்கப் போகிறார். துண்டை மறந்துவிட்டார். பூட்டிய கடைக்கு முன்னால் சொட்டச் சொட்ட நிற்கிறார். "ஏன்னா, கடைய எதுக்குப் பூட்டி வச்சிருக்கா?" என்று பிருஹதாம்பாள் கேட்க, அவர்—

இது சினிமா. கைதட்டல் வாங்கும், துல்கர்னைனுக்கு ஒரு துண்டு விற்காது. அடித்துவிட்டேன்.

மூன்றாவது, நடந்தது: முன்சீப் பதினெட்டுப் பக்கத்துக்குத் தீர்ப்பு வாசித்தார். பதினைந்தாம் தேதி சீசன் முடிகிறது, அன்று பிரதிவாதி கடையைச் சாத்தவேண்டும், மறுநாள் கோர்ட்டு அமீனா போய்ப் பூட்டுப் போட்டுச் சாவியை வாங்கி வரவேண்டும். வாசித்து முடித்ததும் பன்னிரண்டாவது பக்கத்தை டவாலி துடைத்தான். ஈரம்.

வராந்தாவில் கோமதிநாயகம் துல்கர்னைனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, அப்பீல் போவோம். ஆனா ஒரு சாட்சியம் வேணும். பதினஞ்சாம் தேதிக்கு அப்புறமும் அங்கன சீசன் யாவாரம் நடக்குதுன்னு காட்டணும். வெளியாளு ரசீது எடுபடாது, முன்சீப்பு மாதிரியே நம்பிக்கைன்னு தள்ளிருவாக. கோர்ட்டு ஆளு எவனாவது ஒரே ஒரு துண்டு வாங்குனான்னு தேதி போட்டு ரசீது கெடச்சுதுன்னா போதும், கடைய மீட்டுருவேன்."

"கோர்ட்டு ஆளு எதுக்குத் தம்பி எங்கிட்டத் துண்டு வாங்கப் போறான்?"

"அதான் எனக்கும் தெரியல."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து துல்கர்னைன் கடையைச் சாத்தினார். கோர்ட்டு சொன்னால் சொன்னதுதான். சாலையில் அவ்வளவு கூட்டம். நனைந்த தலைகள் பூட்டிய கதவைத் தட்டிக் கேட்டன. "சீசன் முடிஞ்சுட்டு" என்றார் அவர். பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு போனார்கள். உள்ளே அறுநூறு துண்டு.

7

ஜூன் பதினாறு, சனிக்கிழமை. அமீனா தென்காசியிலிருந்து நடந்தே வந்தார். பஸ்ஸில் இடமில்லை. எல்லாம் குளிக்கப் போகிற கூட்டம். குடை வழியிலேயே காற்றில் மலர்ந்து, கம்பி கம்பியாகப் போய்விட்டது. கோர்ட்டு உத்தரவைச் சட்டைக்குள் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வந்ததால் உத்தரவு மட்டும் நனையவில்லை. ஆளுக்கு ஐம்பத்து நாலு வயது, மூச்சு இழைப்புக்காரர். கடைவாசலில் வந்து நின்றபோது பல் தந்தியடித்தது.

துல்கர்னைன் கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டார். தன் தோள் துண்டைக் கொடுக்கலாம் என்று எடுத்தார். அதுவும் நனைந்திருந்தது. அவரும் அப்போதுதான் நனைந்துகொண்டு வந்திருந்தார்.

அமீனா உத்தரவை நீட்டினார். வாசிக்கக் குரல் வரவில்லை. மூச்சு விசிலடித்தது. தட்டில் அடுக்கிவைத்த துண்டுகளைப் பார்த்தார். வேறு பக்கம் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"பாய்... ஒரு துண்டு குடும்."

துல்கர்னைனுக்கு வக்கீல் கேட்ட ரசீது ஞாபகம் வந்தது. கோர்ட்டு ஆள். பதினாறாம் தேதி. ரசீதுப் புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில். கேட்காமலே வந்து நிற்கிறது சாட்சியம். வாசப்பக்கத்துத் தறி அவர் கண்முன் வந்தது. அதில் குனிந்திருக்கும் ஹாஜரா பீவியின் முதுகும் வந்தது. தட்டிலிருந்து நல்ல துண்டாக ஒன்றை எடுத்தார்.

"எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. ரசீது எழுதட்டா?"

நீட்டிய கையை அமீனா பாதியில் நிறுத்திக்கொண்டார். முப்பது வருஷம் கோர்ட்டில் இருந்தவர்.

"வே, ரசீது எழுதுனா, பூட்டுப் போட வந்தவனே சீசன் யாவாரம் பண்ணிட்டாம்பான். என் வேலை போயிரும். இன்னும் எட்டு மாசத்துல பென்ஷன்."

"அப்பம் சும்மா வச்சுக்கிடுங்க."

"சும்மா வாங்குனா லஞ்சம்."

"சரி, தொடச்சுட்டுத் திருப்பிக் குடுத்துருங்க."

"கடைச் சாமானுக்கு லிஸ்டு எடுக்கணும் வே. 'ஈரத் துண்டு ஒண்ணு'ன்னு எழுதுனா, ஏன் ஈரம்னு கேப்பான். என்ன சொல்ல? சீசன்னா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அமீனாவின் சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது. வெகுநேரம் இருமினார். துல்கர்னைன் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரசீது எழுதினால் அவர் தறி பிழைக்கும், இந்த ஆளின் பென்ஷன் போகும். எழுதாவிட்டால் கடையும் தறியும் போகும். துண்டே கொடுக்காவிட்டால் யாருக்கும் எந்தச் சட்டச் சிக்கலும் இல்லை, இந்த ஆள் இருமியே விழுந்துவிடுவார்.

"அல்லாவே" என்றார் துல்கர்னைன். அது யாரையும் கட்டாத பேச்சு.

அவர் என்ன செய்தார் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. நான் ஒன்றை எழுதிவிட்டால், நாளைக்கு எவனாவது அதை மேற்கோள் காட்டி வேறொரு வாசலில் நடுங்குகிற வேறொரு ஆளுக்குத் தீர்ப்புச் சொல்வான். அந்த வேலையை ஒரு தடவை செய்து பார்த்தாயிற்று.

நீங்கள் சொல்லுங்கள். புத்தகத்தைப் புரட்டவேண்டாம். உங்களுக்கு முன்னால் இதை வாசித்தவர் என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்கவும் வேண்டாம். துண்டு துல்கர்னைன் கையில்தான் இருக்கிறது. கொஞ்சம் சீக்கிரம். அந்த ஆளுக்குக் குளிருகிறது.